கவுண்டர் தப்பா எண்ணுது: 4026 போர்டையே சரி பண்றதா, ஆர்டுயினோவுக்கு மாறிடுறதா?

கோயம்புத்தூர் கணபதி பக்கம் எங்க மாமா மோட்டார் ரீவைண்டிங் கடை வச்சிருக்காரு, சப்மெர்சிபிள், மோனோபிளாக், மிக்ஸி, டேபிள் ஃபேன் எது எரிஞ்சு வந்தாலும் காயில் கட்டிக் குடுப்பாரு. காயில் சுத்துறது இன்னும் கையால சுத்துற மிஷின்லதான். அதுல இருந்த பழைய பல்சக்கர கவுண்டர் தேஞ்சுபோய் நம்பர் பாதியில நிக்க ஆரம்பிச்சதும், நான் மூணு டிஜிட்ல ஒரு எலக்ட்ரானிக் கவுண்டர் செஞ்சு மாட்டிக் குடுத்தேன். சிடி4026 (பல்ஸை எண்ணி நம்பரா காட்டுற சிப்) ஐசி மூணு, காமன் கேத்தோடு (எல்லா செக்மென்ட்டுக்கும் மைனஸ் பொது) செவன் செக்மென்ட் டிஸ்ப்ளே மூணு, ஷாஃப்ட்ல ஒரு சின்ன காந்தம், அதுக்கு எதிர்ல ஒரு ரீட் ஸ்விட்ச் (காந்தம் கிட்ட வந்தா மூடிக்கிற ஸ்விட்ச்), அவ்வளவுதான் சர்க்யூட்டு.

ரெண்டு மாசம் நல்லா ஓடுச்சு. அப்புறம் ஒரு நாள் போன் வந்துச்சு. "ஏங்கண்ணு, நான் வாயில எண்ணிக்கிட்டே அறுபது சுத்தினேன், உன்ற டப்பா எம்பத்தி மூணுங்குது. இதை நம்பி எப்படிக் காயில் எறக்கறது?"

அவர் கேட்டது ரொம்ப நியாயமான கேள்வி. 60 சுத்துக்கு 83 காட்டுற கவுண்டரை நம்பி டிஸ்ப்ளேல 60 வந்ததும் நிறுத்தினா உள்ள உண்மையில 43 சுத்துதான் இருக்கும். சுத்து குறைஞ்சா கோர்ல ஃபிளக்ஸ் ஏறும், சும்மா ஓடுறப்பவே கரண்ட் அதிகமா இழுக்கும், சூடாகும், கட்டின காயில் மறுபடி எரியும். போர்வெல்லுக்குள்ள இருந்து மோட்டாரை மறுபடி மேல தூக்குற செலவு விவசாயி தலையில விழும். அதனால இதை ஏதோ ஹாபி போர்டுன்னு நினைச்சு "ஒன்னு ரெண்டு முன்னப்பின்ன இருக்கும்"னு விட முடியாது.

எனக்கு முன்னாடி நாலு வழி இருந்துச்சு. இருக்கிற 4026 போர்டையே சரி பண்ணலாம். இல்ல வேற ஐசி செட்டுக்குப் போகலாம், அதாவது எண்ற 4518 கூட டிஸ்ப்ளேயை ஓட்டுற 4511, இல்லன்னா காலேஜ் லேப்ல எல்லாரும் பண்ண அதே மாதிரி ஜோடி 7490 கூட 7447. மூணாவது ஆர்டுயினோ நானோ (கோடு எழுதி ஏத்துற சின்ன கன்ட்ரோலர் போர்டு) போட்டு டிஎம்1637 டிஸ்ப்ளே மாட்டலாம். கடைசியா எதுவுமே செய்யாம ரெடிமேடா பேனல் கவுண்டர் ஒன்னு வாங்கி மாட்டிடலாம். கேட்டா ஆளாளுக்கு ஒன்னு சொல்வாங்க, பாதிப் பேரு எடுத்த எடுப்புலயே "எதுக்கு 4026, ஆர்டுயினோ போடுங்க"ன்னுதான் சொல்வாங்க, கடைசியில நானும் அங்கதான் போய் நின்னேன், ஆனா அவங்க சொல்ற காரணத்துக்காக இல்ல. அதைத்தான் கொஞ்சம் விவரமா எழுதணும்னு தோணுச்சு.

எந்த வழிக்குப் போறதுன்னாலும் அதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட் கண்டிப்பா பண்ணிடுங்க. தப்பு எண்ற பக்கத்துல இருக்கா, எண்ணச் சொல்லிப் பல்ஸ் குடுக்குற பக்கத்துல இருக்கான்னு பிரிக்கணும். சென்சார் வயரைக் கழட்டிட்டு முதல் 4026ஓட 1ம் பின்னுக்கு ஒரு 555ல (பல்ஸ் தர்ற டைமர் ஐசி) இருந்து சுத்தமான பல்ஸ் குடுங்க. 555 அஸ்டேபிள் மோட்ல (தானா விடாம பல்ஸ் தர்ற மாதிரி) 10கே, 68கே, 10 மைக்ரோஃபாரட் போட்டா செகண்டுக்கு ஒரு பல்ஸ் கிட்ட வரும். கெபாசிட்டரை 1 மைக்ரோவா மாத்தினா செகண்டுக்கு பத்து. அந்தப் பத்து ஸ்பீடுல விட்டா 000ல இருந்து 999 போக நூறு செகண்டு ஆகும், ஒரு டீ ஆத்துற நேரத்துல மூணு டிஜிட்டும் முழுசா டெஸ்ட் ஆயிடும். ஒன்னு கவனிச்சுக்கோங்க, சாதா என்இ555 ஒவ்வொரு தடவை அவுட்புட் மாறுறப்பவும் சப்ளையில கரண்டை ஒரு இழுப்பு இழுக்கும், அந்த இழுப்புலயே கவுண்டர் தப்பா எண்ண வாய்ப்பிருக்கு, அதனால 555 பக்கத்துலயே ஒரு 100 மைக்ரோ கெபாசிட்டரும் ஒரு 104 டிஸ்க் கெபாசிட்டரும் (0.1 மைக்ரோ) போட்டுடுங்க, இல்லன்னா டெஸ்ட்டே பொய் சொல்லும்.

எங்க போர்டு அந்த டெஸ்ட்ல ஒரு நம்பர் கூடத் தப்பாம 999 வரை போச்சு. ஆக ஐசி நல்லாருக்கு, டிஸ்ப்ளே நல்லாருக்கு, எண்ற பக்கத்து சால்டரிங்கும் நல்லாருக்கு, கோளாறு ரீட் ஸ்விட்ச் பக்கம். இது தெரியாம நான் நேரா ஆர்டுயினோவுக்குப் போயிருந்தா அதே ரீட் ஸ்விட்சை அதுல மாட்டி அதே 83ஐத்தான் பாத்திருப்பேன். ஐசியை மாத்திட்டா சரியாயிடும்னு நினைக்கிறவங்க பெரும்பாலும் மாட்டிக்கிறது இந்த இடத்துலதான், ஏன்னா முன்னாடி இருக்கிற சென்சார் நாலு வழிக்கும் ஒன்னுதான்.

சரி, ஒவ்வொரு வழியா பாப்போம்.

4026ல எனக்கு ஒரு தனிப் பிரியம் உண்டு, அதை மறைக்கல. ஒரே ஐசிக்குள்ள எண்றதும் இருக்கு, நம்பரா டிகோட் பண்றதும் இருக்கு, செக்மென்ட்டை நேரா ஓட்டுது, ஒரு டிஜிட்டுக்கு ஒரு ஐசி, வயரிங் பாதியா குறையுது. இன்னொரு பெரிய வசதி, அதோட கிளாக் இன்புட்ல ஷ்மிட் டிரிகர் உள்ளயே இருக்கு. அதாவது மெதுவா ஏறி இறங்குற சிக்னலைக் குடுத்தாலும் ஒரு தடவைக்கு ஒரு தடவைதான் எண்ணும், அதனால ரீட் ஸ்விட்ச் துள்ளுறதை அடக்க ஒரு ரெசிஸ்டரும் ஒரு கெபாசிட்டரும் போதும், தனி ஐசி வேணாம். ரீட் மூடுறப்ப உள்ள இருக்கிற தகடு சில மில்லி செகண்டு துள்ளும், ஒவ்வொரு துள்ளலும் ஒரு பல்ஸ். 10கே, 1 மைக்ரோ போட்டா 10 மில்லி செகண்டு கிடைக்கும். கையால சுத்துற மிஷின்ல ஒரு சுத்துக்கு அரை செகண்டுக்கு மேலயே ஆகுது, அதனால 10 மில்லி செகண்டு தாமதம் ஒன்னும் கெடுக்காது. எங்க போர்டுல நான் இதைப் போட்டுத்தான் இருந்தேன், ஆனா அந்த 1 மைக்ரோ கெபாசிட்டரோட ஒரு கால் மிஷின் அதிர்வுல சால்டர் விட்டுப் போயிருந்துச்சு. லென்ஸ் வச்சுப் பாத்தாதான் அந்த வளைய விரிசல் தெரிஞ்சுது. 83க்குக் காரணம் அதேதான்.

4026ல வர்ற கோளாறுங்க ஒவ்வொன்னும் தனி முகம் காட்டும், அது பழகிட்டா மீட்டர் எடுக்கறதுக்கு முன்னாடியே பாதி தெரிஞ்சுடும். சென்சார் வயரே இல்லாம சும்மா வச்சாலும் நம்பர் ஓடுதா? அப்ப ஹண்ட்ரட்ஸ் டிஜிட்டை வாட்ச்சோட வச்சுப் பாருங்க. ரெண்டு செகண்டுக்கு ஒரு தடவை மாறுச்சுன்னா செகண்டுக்கு 50 எண்ணுதுன்னு அர்த்தம், அது நம்ம கரண்டோட 50 ஹெர்ட்ஸ், கிளாக் பின் அந்தரத்துல தொங்கி ஏரியல் மாதிரி பிடிச்சுக்குது. ஒரு 10கே ரெசிஸ்டரால கிளாக் பின்னைக் கிரவுண்டுக்கோ சப்ளைக்கோ கட்டினா நின்னுடும். டியூப் லைட் போடுறப்ப, டிரில்லிங் மிஷினை ஆன் பண்றப்ப மட்டும் ரெண்டு மூணு குதிக்குதுன்னா அது சப்ளை வழியாவோ நீளமான சென்சார் வயர் வழியாவோ வர்ற நாய்ஸ். ஒவ்வொரு ஐசிக்கும் 16ம் பின்னுக்கும் 8ம் பின்னுக்கும் நடுவுல ஒட்டினாப்ல ஒரு 104 டிஸ்க் போடுங்க, சென்சார் வயரை ஒன்னோட ஒன்னு முறுக்கி விடுங்க, புல் அப் ரெசிஸ்டரை (இன்புட்டைச் சப்ளைக்குக் கட்டுற ரெசிஸ்டர்) 10கேல இருந்து 2.2கேக்கு இறக்குங்க.

நம்பர் சில நேரம் எண்ணுது சில நேரம் நிக்குதுன்னா 2ம் பின்னைப் பாருங்க, அது கிளாக் இன்ஹிபிட், கிரவுண்டுக்குப் போயே ஆகணும், நிறைய பேரு அதை விட்டுடுவாங்க. தானா 0க்குப் போகுதுன்னா 15ம் பின், ரீசெட், அதுக்கு ஒரு 10கே கிரவுண்டுக்கு வேணும். டிஸ்ப்ளே அணைஞ்சு அணைஞ்சு எரியுது ஆனா நம்பர் விட்டுப் போகாம தொடருதுன்னா 3ம் பின், அது ஹையா இருக்கணும். 4026 மாதிரி சிமாஸ் ஐசியில இன்புட்டை எங்கயும் கட்டாம விட்டா அது என்ன நினைக்கும்னு சொல்ல முடியாது, கை கிட்ட போனாலே மாறும், அதனால உபயோகிக்காத இன்புட்டையும் எங்கயாவது கட்டிடணும்.

டிஸ்ப்ளே பக்கம் வர்றதுங்க சுலபம். நம்ம கடைங்கள்ல கிடைக்கிற எல்டிஎஸ் 542 காமன் ஆனோடு (பிளஸ் பொது), 543 காமன் கேத்தோடு, பாக்க ரெண்டும் ஒன்னுபோலத்தான் இருக்கும், 4026க்கு 543தான். மாத்தி 542 வாங்கிக் காமன் பின்னைக் கிரவுண்டுல குடுத்தா ஒரு செக்மென்ட்டும் எரியாது, காமனைப் பிளஸ்ல குடுத்தா எரிய வேண்டியது அணையும் அணைய வேண்டியது எரியும், 8 வர்ற இடம் காலியா இருக்கும். மல்டிமீட்டரை டயோடு ரேஞ்சுல வச்சு வாங்குறப்பவே கடையில பாத்துடலாம். இன்னொன்னு, ரெசிஸ்டரை மிச்சம் பண்றேன்னு ஏழு செக்மென்ட்டுக்கு ஏழு போடாம காமன் பின்ல ஒன்னே ஒன்னு போடுவாங்க, அப்ப 1 பளிச்சுன்னு எரியும், 8 மங்கிடும். மூணு டிஜிட்டுக்கு 21 ரெசிஸ்டர், சலிப்பான வேலைதான், இருந்தாலும் செஞ்சுடுங்க.

4026ஓட பலவீனம் அதோட அவுட்புட்டு. 5 வோல்ட்ல ஓட்டினா ஒரு செக்மென்ட்டுக்கு ஒன்னு ரெண்டு மில்லி ஆம்பியருக்கு மேல நிம்மதியா எதிர்பாக்க முடியாது, பகல் வெளிச்சத்துல ஷட்டர் திறந்திருக்கிற கடையில கண்ணுக்குச் சரியா தெரியாது. 9 இல்ல 12 வோல்ட் அடாப்டர் போட்டா நல்லா எரியும். சதுர 9 வோல்ட் பேட்டரி வேணாம், மூணு டிஜிட்டும் 8 காட்டுறப்ப செக்மென்ட்டுக்கு 5 மில்லின்னு வச்சாக்கூட 105 மில்லி ஆம்பியர் இழுக்கும், ஒரு பொழுது தாங்காது.

ரெண்டாவது வழி, 4518 கூட 4511. 4518 ஒரு ஐசியிலயே ரெண்டு டிஜிட் எண்ணும், மூணு டிஜிட்டுக்கு 4518 ரெண்டு, 4511 மூணு, மொத்தம் அஞ்சு ஐசி. 4511 ஒரு செக்மென்ட்டுக்கு 25 மில்லி ஆம்பியர் வரை குடுக்கும், 5 வோல்ட் மொபைல் சார்ஜர்லயே பளிச்சுன்னு தெரியும், இதுதான் இந்த வழியோட பலம். ஆனா 4518 கிளாக்ல 4026க்கு இருக்கிற ஷ்மிட் டிரிகர் கிடையாது. ரீட் ஸ்விட்ச்சுக்குப் போட்ட அதே ரெசிஸ்டர் கெபாசிட்டரை அப்படியே இதுல குடுத்தா சிக்னல் மெதுவா ஏறும், ஐசி அதை ஒன்னுக்கு ரெண்டாவும் மூணாவும் எண்ணும். நடுவுல ஒரு 40106 (ஷ்மிட் டிரிகர் ஐசி) போடணும். நல்லா ஓடிட்டிருந்த சென்சாரை 4518 போர்டுக்கு மாத்தினதும் எண்ணிக்கை கெட்டுப்போச்சுன்னு யாராவது சொன்னா முதல்ல இதைக் கேளுங்க.

4518ல இன்னொரு அழகான கோளாறு ஒன்னு இருக்கு, நம்பர் 07க்கு அப்புறம் 18னு போகும், 19, அப்புறம் 10, 11னு வரும். பாக்கறவங்க ஐசி போச்சுன்னு தூக்கிப் போட்டுருவாங்க. உண்மையில ஐசி சரியாத்தான் வேலை செய்யுது. யூனிட் டிஜிட்டோட கடைசி பிட் 8 வர்றப்ப ஏறும், 9 முடிஞ்சு 0 ஆகுறப்ப இறங்கும். அந்த பிட்டை அடுத்த டிஜிட்டோட கிளாக் பின்ல குடுத்தா அது ஏறுறப்பவே எண்ணிடும், அதனால 8லயே டென்ஸ் மாறுது. அந்த பிட்டை எனேபிள் பின்ல குடுத்து கிளாக் பின்னைக் கிரவுண்டு பண்ணணும், அப்ப இறங்குறப்ப எண்ணும். இதே குடும்பத்துக் கோளாறுதான் 4026ஓட 5ம் பின் கேரியை இறங்குறப்ப எண்ற வேற ஐசிக்குக் குடுக்குறதும், அந்தக் கேரி 0ல இருந்து 4 வரை ஹை, 5ல இருந்து 9 வரை லோ, அதனால டென்ஸ் 5ல மாறும். 8ல மாறினா ஒரு கதை, 5ல மாறினா ஒரு கதை. நம்பரே வாயைத் திறந்து சொல்லும்.

7490, 7447 செட்டை நான் சீக்கிரமா முடிச்சுடுறேன், ஏன்னா இன்னைக்குப் புதுசா செய்றவங்களுக்கு அதை நான் சொல்ல மாட்டேன். ஆறு ஐசி வேணும், கண்டிப்பா 5 வோல்ட் ரெகுலேட்டர் வேணும், காமன் ஆனோடு டிஸ்ப்ளே வேணும். வீட்ல ஏற்கனவே பாகங்கள் கிடந்துச்சுன்னாலோ, லேப் எக்ஸ்பெரிமென்ட்டுக்குன்னாலோ பண்ணுங்க. அப்படிப் பண்றவங்களுக்கு மூணு விஷயம். 7490க்குப் பிளஸ் 5ம் பின், கிரவுண்டு 10ம் பின், மத்த 14 பின் ஐசிங்க மாதிரி 14லயும் 7லயும் கிடையாது. 7490 மாதிரி டிடிஎல் ஐசியில சும்மா விட்ட இன்புட் ஹைன்னு படிக்கும், அதனால 2, 3ம் பின்னைக் கிரவுண்டு பண்ண மறந்தா 0லயே நிக்கும், 6, 7ஐ மறந்தா 9லயே நிக்கும். அப்புறம் 7447 காட்டுற 6க்கு மேல் கோடு இருக்காது, 9க்குக் கீழ் கோடு இருக்காது, 4511லயும் அப்படித்தான், அது கோளாறு கிடையாது, செக்மென்ட் போச்சுன்னு டிஸ்ப்ளேயை மாத்திட்டு இருக்காதீங்க.

இப்ப திரும்ப எங்க கடைக்கு வர்றேன். கெபாசிட்டரை மறுபடி சால்டர் பண்ணேன், ரீட் ஸ்விட்ச்சையும் எடுத்துட்டு 3144 ஹால் சென்சார் (காந்தத்தை உணர்ற ஐசி) போட்டேன், அதுல தொட்டுப் பிரியுற தகடே இல்ல, துள்ளலும் இல்ல, ஒரு 10கே புல் அப் மட்டும் போதும். (காந்தத்தோட சவுத் போல் பக்கம் சென்சாரோட எழுத்து இருக்கிற முகத்தைப் பாக்கணும், திருப்பி ஒட்டினா அசையவே அசையாது.) நானே 500 சுத்து சுத்திப் பாத்தேன், 500 காட்டுச்சு. முடிஞ்சுதுன்னு வந்துட்டேன்.

மறுநாள் மறுபடி போன். "இப்ப பரவால்லீங் கண்ணு, ஆனா சில காயில் அறுபத்தி ரெண்டு வருது, ஒன்னு அறுபத்தி நாலு வந்துச்சு." நான் அவரை ஒரு கேள்வி கேட்டேன், அறுபத்தி ஒன்னு எப்பவாவது வந்துச்சான்னு. யோசிச்சுட்டு இல்லைன்னாரு. நாய்ஸா இருந்தா ஒன்னும் வரும் மூணும் வரும், அதுக்குக் கணக்கு வழக்கு கிடையாது. எப்பவும் ரெட்டைப்படையில அதிகமாகுதுன்னா அது நாய்ஸே இல்ல. அடுத்த ஞாயித்துக்கிழமை அவர் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து அரை மணி நேரம் சும்மா பாத்தேன். கம்பி மேல கம்பி ஏறிடுச்சுன்னா மாமா கைப்பிடியைப் பின்னாடி ஒரு சுத்து சுத்தி, கம்பியைச் சரி பண்ணிட்டு, மறுபடி முன்னாடி சுத்துறாரு. பின்னாடி போறப்ப காந்தம் சென்சாரை ஒரு தடவை தாண்டுது, திரும்ப முன்னாடி வர்றப்ப இன்னொரு தடவை. ரெண்டு அதிகம். நான் டெஸ்ட் பண்ணப்ப ஒரு தடவை கூடப் பின்னாடி சுத்தவே இல்ல, ஏன்னா எனக்குக் காயில் சுத்தத் தெரியாது. பழைய பல்சக்கர கவுண்டர் பின்னாடி சுத்தினா தானா குறைச்சுக்கும், அதனால அவருக்கு இதை எங்கிட்ட சொல்லணும்னே தோணல.

அந்த ஒரு விஷயம்தான் முடிவைத் தீர்மானிச்சுது. 4026 மேலதான் எண்ணும், கீழ எண்ணாது. போர்டுல ஒரு கோளாறும் மிச்சம் இல்லாமயே அந்த வேலைக்கு அது பத்தாது.

சிமாஸ்லயே இருக்கணும்னா 40110னு ஒரு ஐசி இருக்கு, மேல எண்ண ஒரு பின், கீழ எண்ண ஒரு பின், டிஸ்ப்ளேயையும் நேரா ஓட்டும். சென்சார் ரெண்டு போட்டு, எந்தப் பக்கம் சுத்துதுன்னு கண்டுபிடிக்க ஒரு 4013 ஃபிளிப் ஃபிளாப் சேத்தா வேலை ஆயிடும். எனக்கு ஆசையாத்தான் இருந்துச்சு. ஆனா 4026 மாதிரி எல்லாக் கடையிலயும் 40110 கிடைக்கிறதில்ல, நாளைக்கு ஒன்னு எரிஞ்சா மாமா ஒரு வாரம் கவுண்டர் இல்லாம உக்காரணும். கடையில தினம் ஓடுற சாமானுக்கு மாத்துப் பாகம் உடனே கிடைக்கணும், அதுல நான் விட்டுக் குடுக்க மாட்டேன்.

ஆர்டுயினோ நானோவுல இது எவ்வளவு சுலபம்னா, ஹால் சென்சார் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல ஒட்டினாப்ல வச்சு, ரெண்டையும் ஒரே நேரத்துல மூடுற அளவுக்கு அகலமான காந்தம் ஒன்னு, நான் போட்டது 12 மில்லிமீட்டர் வட்டக் காந்தம். முன்னாடி சுத்துறப்ப முதல் சென்சார், அப்புறம் ரெண்டும், அப்புறம் ரெண்டாவது மட்டும், இந்த வரிசை முழுசா முடிஞ்சா ஒன்னு கூட்டு, தலைகீழா முடிஞ்சா ஒன்னு கழி. காந்தம் சென்சாருக்கு நேரா நின்னு கைப்பிடி முன்னப்பின்ன ஆடினாலும் வரிசை முடியாததால எண்ணிக்கை ஏறாது. இந்த ஸ்பீடுக்கு இன்டரப்ட் கூட வேணாம், லூப்ல படிச்சாலே போதும்.

டிஎம்1637 டிஸ்ப்ளேக்கு ரெண்டு சிக்னல் வயரும் ரெண்டு சப்ளை வயரும்தான், நாலு டிஜிட், 21 ரெசிஸ்டர் சால்டர் பண்ற வேலை மிச்சம். வெளிச்சத்தை எட்டு படியா கோட்லயே மாத்திக்கலாம். மூணு 4026, மூணு டிஸ்ப்ளே, ரெசிஸ்டர், டாட் போர்டு, 12 வோல்ட் அடாப்டர்னு கூட்டிப் பாத்தா விலையிலயும் ரெண்டுக்கும் பெரிய தூரம் இல்ல.

கரண்ட் கட்டைப் பத்தியும் சொல்லணும். பாதிக் காயில்ல கரண்ட் போனா 4026 போர்டு 0க்கோ ஏதோ ஒரு நம்பருக்கோ போயிடும், சுத்தினது அத்தனையும் பிரிச்சு மறுபடி சுத்தணும். நானோவுல இருக்கிற ஈஈப்ராம்ல (கரண்ட் போனாலும் அழியாத மெமரி) நம்பரை எழுதி வச்சுக்கலாம். ஆனா இதுல ஒரு குழி இருக்கு. ஒவ்வொரு சுத்துக்கும் ஒரே இடத்துல எழுதினீங்கன்னா அந்த மெமரிக்கு உத்தரவாதம் ஒரு லட்சம் தடவைதான். ஒரு நாளைக்கு 2000 சுத்துன்னா 50 நாள்ல முடிஞ்சுடும். கரண்ட் போற அந்த நொடியில மட்டும் எழுதணும். சப்ளைக்கும் நானோவுக்கும் நடுவுல ஒரு 1என்5819 டயோடு, டயோடுக்கு அந்தப் பக்கம் நானோகிட்ட ஒரு 1000 மைக்ரோ, இந்தப் பக்கத்து வோல்ட்டேஜை ஒரு அனலாக் பின்னால படிச்சுக்கிட்டே இருக்கணும். இறங்க ஆரம்பிச்சதும் முதல்ல டிஸ்ப்ளேயை அணைச்சுட்டு ரெண்டு பைட் எழுதிடணும். ஒரு பைட்டுக்கு 3 மில்லி செகண்டுக்குக் கொஞ்சம் மேல ஆகும், ரெண்டுக்கு 7 மில்லி செகண்டுன்னு வச்சுக்குங்க, 25 மில்லி ஆம்பியர் இழுத்தாலும் 1000 மைக்ரோவுல 0.2 வோல்ட் கூட இறங்காது. மெயின் சுவிட்ச்சை அணைச்சு அணைச்சு முப்பது தடவை பாத்தேன், முப்பது தடவையும் விட்ட நம்பர்ல இருந்தே வந்துச்சு.

ஆர்டுயினோவுக்குக் குறையே இல்லன்னு சொல்ல மாட்டேன். நாளைக்கு அது நின்னா மல்டிமீட்டரை வச்சு எந்தப் பின்ல என்ன இருக்குன்னு பாத்துக் கண்டுபிடிக்கிறது 4026 மாதிரி வராது, தப்பு கோட்லயா வயர்லயான்னு தெரியாது. மாமா கடைப் பையனால அதைத் தொட முடியாது. அதுக்காக நான் இன்னொரு நானோவுல அதே கோடை ஏத்தி சாக்கெட்டுல மாத்தி மாட்டுற மாதிரி கடையிலயே ஒரு கவர்ல போட்டுக் குடுத்திருக்கேன்.

ரெடிமேட் பேனல் கவுண்டரையும் நான் நிஜமாவே யோசிச்சேன். 96க்கு 48 மில்லிமீட்டர் டப்பா, நேரா 230 வோல்ட், கரண்ட் போனாலும் நம்பர் ஞாபகம் இருக்கும், குறிச்ச நம்பர் வந்ததும் ரிலே தட்டி மோட்டாரை நிறுத்துறது கூட வரும். மோட்டார் வச்ச வைண்டிங் மிஷின்னா, பத்துப் பேரு வேலை செய்ற பட்டறைன்னா நான் கண்ணை மூடிட்டு இதைத்தான் சொல்வேன், அங்க ஹாபி போர்டுக்கு வேலை இல்ல. வாங்குறப்ப மட்டும் மேலயும் கீழயும் எண்ற மாடலான்னும், சென்சார் என்பிஎன்னா பிஎன்பியான்னும் கேட்டுக்குங்க, 3144 மாதிரி ஓப்பன் கலெக்டர் சென்சார் என்பிஎன் இன்புட்டுக்குத்தான் போகும். எங்களுக்கு விலை இடிச்சுது, கையால சுத்துற மிஷினோட விலைக்குப் பக்கத்துல கவுண்டரே வந்து நின்னுச்சு.

உங்க கேஸ்ல ஒரே பக்கமா மட்டும் எண்ணினா போதும், கரண்ட் போனா 0ல இருந்து ஆரம்பிச்சாலும் பரவால்ல, எலக்ட்ரானிக்ஸ் கத்துக்கணும்னும் ஆசை இருக்குன்னா 4026ஐ விட்டுட்டு எங்கயும் போகாதீங்க, அதோட கோளாறைத் தேடிக் கண்டுபிடிக்கிறப்ப கத்துக்கிறது வேற எதுலயும் வராது. வெளிச்சம் மட்டும்தான் பிரச்சனைன்னா 4511 பக்கம் போங்க. பின்னாடியும் எண்ணணும், ஞாபகமும் வேணும்னா நானோ.

பழைய 4026 போர்டை நான் தூக்கிப் போடல. அந்த 555ஐ அதுலயே ஒரு ஓரமா சால்டர் பண்ணி ஒரு டாகிள் சுவிட்ச் வச்சுட்டேன், ஒரு பக்கம் 555, இன்னொரு பக்கம் சென்சார். புதுசா ஹால் சென்சார் வாங்குறப்பல்லாம் அதுல மாட்டி காந்தத்தை நூறு தடவை காட்டி, நூறுன்னு வருதான்னு பாத்துட்டுத்தான் கடைக்கு எடுத்துட்டுப் போறேன்.